துடக்கும் முளைப்பாலிகையும்

எண்பத்தாறாம் ஆண்டு, ஆடிப்பூரம். டென்மார்க்கில் டோஸ்ட்ருப்புக்கு நாங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயில் கிடையாது. பூசை செய்யத் தெரிந்த ஓர் அண்ணையின் வீட்டு வரவேற்பறையில் அம்மன் படம் வைத்து, நாலைந்து குடும்பமாகக் கொண்டாடுவதென்று முடிவானது.

முளைப்பாலிகை போடுவது என் பொறுப்பு. கட்டடத்துக்குப் பின்னால் மண் தோண்டி, ஐஸ்கிரீம் டப்பாக்களில் பயறு விதைத்தேன். பாலிகை இருட்டில் வளரவேண்டும். இந்த நாட்டிலோ கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். அதனால் உடுப்பு அலுமாரிக்குள் வைத்து ஒன்பது நாள் தண்ணீர் தெளித்தேன். அந்த மண்ணில் முளை வந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பூசையன்று காலை எனக்கு மாதவிலக்கு வந்தது. டப்பாக்களைத் தான் மட்டும் கொண்டுபோவதாகக் கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை, கூடவே போனேன். மனுசன் வாசலிலேயே அண்ணையிடம் விசயத்தைச் சொல்லிவிட்டார். துடக்கோடு உள்ளே வரக்கூடாது, படியில் நில்லுங்கோ என்றார் அண்ணை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கணவரின் கையிலிருந்த டப்பாக்களைப் பறித்தேன்.

"அம்பாள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடத்தானே வந்தனாங்கள், அண்ணை. அவவுக்கு வந்தால் விழா, எனக்கு வந்தால் துடக்கோ? நான் வராட்டில் முளையும் வராது."

உள்ளே கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாசல்பக்கம் எட்டிப்பார்த்தார்கள். அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. அப்போது அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"எனக்கும் நேற்றுத் தொடங்கினது. பொங்கலும் வடையும் நான்தான் செய்தனான். கொட்டுவமோ?"

அண்ணை அக்காவைப் பார்த்தார், பொங்கல் பானையைப் பார்த்தார், பிறகு வாசலை விட்டு விலகினார். அக்காவும் நானும் ஆளுக்கொரு டப்பாவாகக் கொண்டுபோய் அம்மனுக்கு முன்னால் வைத்தோம். பொங்கலை வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கென்ன, கோபத்தில் கத்திவிட்டு என் வீட்டுக்குப் போய்விடலாம். அக்கா அதே வீட்டில், அதே மனுசனோடு இருக்கவேண்டியவர். மறைத்துக்கொண்டே இருந்திருக்கலாம், ஆனாலும் எனக்காகச் சொன்னார். அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் ஒரு பெண்ணைத் தனியே நிற்கவிட்டு நான் உள்ளே போனதில்லை.