இடிக்கிறன் என்றொரு ஊர்

சுவிஸில், ஓல்டன் ஸ்டேசனில் சூரிச் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். நான் குந்தியிருக்கும் வாங்கிலேயே ஒரு பிலிப்பைன்ஸ் அக்காவும் இருக்கிறா. முதியோர் இல்லத்து வேலைக்கு வந்து மூன்று கிழமைதானாம். பாண் வாங்கின கடதாசிப் பையில் தன் ஊரை வரைந்து காட்டுகிறா. நடுவில் தேவாலயம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேல்தெரு, அந்தப் பக்கம் கீழ்த்தெரு. இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான்.

"முதல் வந்த ஸ்பெயின்காரன், 'இந்த இடத்துக்கு என்ன பெயர்?' எண்டு கேட்டானாம். நெல்லுக் குத்தின மனிசன், என்ன செய்யிறாய் எண்டுதான் கேக்கிறான் எண்டு நினைச்சு, எங்கட பாஷையில 'இடிக்கிறன்' எண்டிட்டுது. அதுவே ஊர்ப்பெயராப் போச்சு. அந்த மனிசன் தங்கட ஆள் எண்டு இரண்டு தெருவும் இன்னும் சண்டை."

எனக்குச் சிரிக்க உரிமையில்லை. எல்லையில் என்னை மறித்த அதிகாரி ஜெர்மன் மொழியில் பெயர் கேட்டபோது, கேள்வி புரியாமல் "விளங்கேல்லை" என்றேன். அவர் மிகக் கவனமாக எழுதிக்கொண்டார். என் அகதி அட்டையில் இன்றைக்கும் குடும்பப்பெயர் அதுதான்.

அட்டையை அக்காவிடம் நீட்டுகிறேன்.

"மிஸ்டர் விளங்கேல்லை. வடிவான பெயர்," என்கிறா. அர்த்தம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்போது ஒலிபெருக்கி ஜெர்மனில் நீளமாக ஏதோ சொல்கிறது. மேடையில் நின்ற அத்தனை பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார்கள்.

"என்னவாம்?" என்று அக்கா பதறுகிறா.

"விளங்கேல்லை," என்கிறேன்.

"உங்கட பெயர் எனக்குத் தெரியும். ரயில் எங்க வருதாம்?"