குல்பர்ச்சினின் மணிக்கட்டு

நரின் நகரில் சந்தையை ஒட்டிய சின்னக் கடையில் முடி வெட்டிப் பிழைப்பவள் குல்பர்ச்சின். கத்தரி பிடிக்கும் வலது கைதான் அவளுக்கு எல்லாம். பனி உறைந்த தெருவில் வழுக்கி அந்தக் கையையே ஊன்றியதில் மணிக்கட்டு ஒடிந்துபோனது.

டாக்டர் கீறி, எலும்பைச் சேர்த்து, தகடு வைத்துத் திருகாணி போட்டார்.

"தகடு சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கத்தாம்மா. எலும்பு தானா கூடணும். அதுவரைக்கும் டீக் கெண்டியக்கூடத் தூக்காத. தூக்கினா கத்தரிய மறந்துட வேண்டியதுதான்."

வீடு வந்தாள். உடம்பு விசாரிக்க ஊரே திரண்டு வந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டியவள் மருமகள். படுத்திருக்க வேண்டியவளும் அதே மருமகள். இந்த அநியாயம் அங்கே ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதிலும் அந்த ஊர் வழக்கப்படி கால் கிண்ணம் கால் கிண்ணமாக ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஒவ்வொரு வாய்க்கும் அவள் வலது கையில் கெண்டி ஏறி இறங்கியது.

"அத்தை, கை வலிக்குது. தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

மாமியார் சாய்கல் சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் வெறும் எலும்பு. உனக்கு உள்ள இரும்பே வச்சிருக்கான். இனிமே அது எங்க உடையப் போகுது? ஊத்தும்மா."

கூடவே எல்லாரும் சிரித்தார்கள். புருஷன் எர்மெக் ரொட்டியை ஜாமில் தொட்டபடி, "உனக்காகத்தானே வந்திருக்காங்க, ஊத்தேன்" என்றான். ரொம்ப நல்ல மனுஷன். கெண்டி அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மணிக்கட்டு வீங்கியது. படம் எடுத்துப் பார்த்தால் திருகாணிகள் பிடி விட்டு, எலும்பு நகர்ந்திருந்தது. ஆறாத காயத்திலேயே மறுபடி கீறினார்கள்.

"விரல் மடங்கும். கத்தரி பிடிக்க முடியுமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அவர் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

இந்தத் தடவை விசாரிக்க வந்த கூட்டம் முன்னைவிடப் பெரியது. சாய்கல் கொஞ்சமும் கூசாமல் கெண்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

குல்பர்ச்சின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு கிண்ணத்தையும் விளிம்பு வரை நிரப்பினாள்.

"என்னடி பண்ற?"

"தெரிஞ்சுதான் ஊத்தறேன் அத்தை. குடிச்சிட்டுக் கிளம்பட்டும்."

ஒரு கிண்ணம் மீதி இருந்தது. அதையும் தளும்பத் தளும்ப நிரப்பி எர்மெக் முன்னால் வைத்தாள்.