டட்டன் வீட்டுக் கொட்டகைக் கதவு

பண்ணையில் யாராவது செத்தால், அடுத்த வாரம் லொரேன் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வெர்மான்ட் மாநிலச் சுகாதாரத் துறையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. எப்படி நடந்தது, எதனால் நடந்தது என்று கேட்டு எழுத வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த சாவைத் தடுக்கலாம் என்பது மேலிடத்து நியாயம். நியாயம் சரிதான், இழவு வீட்டில் பேனாவும் கையுமாக நின்று பார்த்தவர்களுக்கல்லவா தெரியும் அந்தக் கஷ்டம்!

அந்த ஜூனில் மார்வா டட்டன் வீட்டுக்குப் போனாள். மார்வாவின் புருஷன் எல்வின், சரிவில் டிராக்டர் கவிழ்ந்து அடியில் சிக்கிச் செத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

"கவிழ்ந்தா தாங்கிக்கற இரும்பு வளைவு, சீட்டுக்குப் பின்னால இருக்குமே, அது இருந்துச்சா?"

"அதோ சுவத்துல தொங்குது. அதை மாட்டினா வண்டி கொட்டகைக்குள்ள நுழையாது. கதவு ஒன்றரை அடி குட்டை. அவரோட தாத்தா கட்டினது, கை வைக்கக் கூடாதும்பாரு."

இதே பதிலை லொரேன் எழுதுவது பதினோராவது தடவை. எழுதி நிமிர்ந்தால், மார்வா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அறுத்த புல்லு சரிவுல கிடக்கு. ரேடியோல நாளைக்கு மழைங்கறான். வண்டியை நிமித்தி ரிப்பேர் பண்ணியாச்சு."

"வேற யாராவது..."

"ஓட்டறேங்கறாங்க. இன்னொருத்தி புருஷனை அந்தச் சரிவுல ஏத்தச் சொல்றீங்களா?"

கேட்கலாம், எழுதலாம், தடுக்க லொரேனுக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த வாரம் உங்க பேரை எழுத என்னால வர முடியாது! வளைவை மாட்டுங்க!"

"மாட்டிட்டு? வண்டி மழையில நிக்கணுமா? நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்கம்மா!"

"கதவை வெட்டுங்க!"

புல் ஏற்ற வந்திருந்த ஐந்து அக்கம்பக்கத்து ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஹோலிஸ் தச்சு வேலையும் தெரிந்தவன்.

"டட்டன் கொட்டகையையா? பெரியவர் கல்லறையிலேருந்து எழுந்து வந்துடுவாரு."

மார்வா கொட்டகையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"வந்தா வரட்டும். பேரனும் அங்கதான் பக்கத்துல படுத்திருக்கான், அவன்கிட்ட கேட்டுக்கட்டும். ஹோலிஸ், ரம்பத்தை எடு."

முட்டுக் கொடுத்து, உத்தரத்தை உயர்த்தி மாட்ட மூன்று மணி நேரம் பிடித்தது. வளைவையும் போல்ட் போட்டு முடுக்கினார்கள். மார்வாவுக்குச் சீட் பெல்ட்டை லொரேனே மாட்டி, இழுத்துப் பார்த்தாள். டிராக்டர் சரிவில் ஏறியது. லொரேனுக்கு மூச்சே வரவில்லை. மார்வா முதல் சுற்று முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் வந்தது.

ஹோலிஸ் மரத்தூளைத் தட்டியபடி பக்கத்தில் வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவு எவ்வளவு உயரம் இருந்தாப் போதும்?"

"எதுக்கு?"

"என்னோட வளைவும் சுவத்துலதான் தொங்குது."

பின்னால் நின்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "எங்களோடதும்தான்" என்றான் ஒருவன்.

லொரேனுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அப்ப முதல்ல யார் வீட்டுக்குப் போறோம்?" என்றாள்.