குழாய்க்காரருக்குப் போட்ட மாலை

மகதலேனாவின் கோபம் கிள்ளானில் ஊரறிந்தது. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடக் கேண்டீனில் கழித்தவள். குழம்பில் உப்பு குறைகிறது என்று முனகிய தலைமையாசிரியரையே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னவள். அப்பேர்ப்பட்டவள்தான் குழாய்க் கம்பெனி அதிகாரிக்குத் தன் கையாலேயே மாலை போட்டாள். நினைத்தால் இன்றும் அவளுக்கு வயிறு எரிகிறது.

அவள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், மண்ணுக்கடியில் அந்தக் குழாய் போகிறது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் அதன் வழியே வடக்கே எல்லை தாண்டி அடுத்த நாட்டு ஆலைக்குப் போய்ச் சேரும். லாபம் அவர்களுக்கு, நாற்றம் நமக்கு. ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் பீப்பாய்க்கென்று போட்ட குழாயில், பெரிய பம்பை வைத்து மூன்று லட்சம் தள்ளப் போகிறார்களாம். குழாய் மட்டும் அதே பழையதுதான். போன மழைக்காலத்தில், இருக்கிற அழுத்தத்துக்கே அது கசிந்து சாக்கடையில் எண்ணெய் ஓடியது. பேத்தி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருமகள் ஷெர்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரவாங்கில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். புதுப் பம்பு வந்தால் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று சொல்லியும் விட்டாள். அவளைக் குறை சொல்ல மகதலேனாவுக்கு வாய் வரவில்லை.

கம்பெனிக்காரரை நேரில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பதென்று தெருவே முடிவு செய்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் யோகநாதன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டமென்றால் அவருக்கு வரவேற்புரையும் மாலை மரியாதையும் முறைப்படி நடந்தாக வேண்டும். சண்டை போடத்தானே கூப்பிடுகிறோம் என்றாள் மகதலேனா. வீடு தேடி வந்தவரை அவமதிப்பது நம் பண்பா என்று அவர் மடக்கினார். நம்மாட்கள் மைக்கும் மாலையும் இல்லாமல் எந்தக் கூட்டத்தை நடத்தியிருக்கிறார்கள்? மகளிர் பிரிவுத் தலைவியான பாவத்துக்கு மாலை அவள் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி சுகுமாறன் கழுத்தை வாகாக நீட்டினார்.

“ஆன்டி, கேமராவ பாருங்க லா,” என்றான் கம்பெனி கூட்டிவந்த படக்காரப் பையன்.

அவளும் பார்த்துச் சிரித்துத் தொலைத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மேலிடத்தில் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார் மனுஷன்.

புதுப் பம்புக்கு அனுமதி கொடுக்கலாமா என்று அரசாங்கம் விசாரித்த நாளில், கம்பெனி காட்டிய அந்தப் படம் திரையில் பெரிதாக விழுந்தது. குடியிருப்பாளர்கள் திட்டத்தை வரவேற்கிறார்கள் என்று கீழே மலாயில் எழுதியிருந்தது. யோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். யார் மேல் அதிகக் கோபம், படத்தைப் போட்டவர் மேலா, பல்லைக் காட்டி நின்ற தன் மேலா என்று மகதலேனாவுக்கே பிடிபடவில்லை.

விசாரித்த மலாய் அதிகாரி, மாலை போடுவது நீங்கள்தானே என்று கேட்டார். மகதலேனா எழுந்து ஆமாம் என்றாள். பிறகு சுகுமாறன் பக்கம் திரும்பித் தமிழிலேயே பேசினாள்.

“தம்பி, நீங்களும் நம்மாளுதானே. நம்ம வீட்டுல பொணத்துக்கும்தான் மாலை போடுறோம். அதுக்காக சாவ வரவேற்கிறோம்னு அர்த்தமா? இத நீங்களே அவருக்கு மலாய்ல சொல்லுங்க.”

சுகுமாறன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். மலாய் அதிகாரி விடவில்லை, அந்த அம்மா என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டார். சுகுமாறன் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பாதியை விழுங்கப் பார்த்தார்; பின் வரிசையிலிருந்து யாரோ மீதியையும் சொல்லச் சொன்னார்கள்.

மலாய் அதிகாரி திரையிலிருந்து படத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கசிவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மகதலேனா உட்காரவில்லை. பேத்தியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாள்.