குளிராத குலுக்கல்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘ஏன் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். லேசர் அறை உதவியாளர். கண்ணாடிகளைத் துடைப்பார், கம்பிகளைச் சரிபார்ப்பார், வருகிற விஞ்ஞானிகளையெல்லாம் ‘ஏன்?’ என்று கேட்டுக் குடைவார்.

ஊன்றுகோலோடு நடக்கும் கணவருக்காக ஊழியர் குடியிருப்பில் தரைத்தள வீடு கேட்டு ஆண்டுதோறும் மனுப் போட்டார். குலுக்கலில் ஆண்டுதோறும் மேலாளரின் சொந்தக்காரருக்கே வீடு விழுந்தது. “எல்லாம் ஆண்டவன் சித்தம்” என்பார் மேலாளர். போன தடவை வென்ற சீட்டை அக்கா தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த சீட்டு. குலுக்கல் டப்பாவுக்குள் விட்ட கை தடவியே கண்டுபிடித்துவிடும். மனிதன் செய்த அநியாயத்துக்கு ஆண்டவன் கையெழுத்து!

இந்த முறை ஒரு வீடு, இரண்டு மனு. ஒன்று அக்காவுடையது, மற்றது மேலாளரின் மச்சானுடையது. ஊழியர் கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

“டப்பா வேண்டாம். என் மேசையில ஒரு கண்ணாடி இருக்கு. பாதி ஒளியை நேரே விடும், பாதியைத் திருப்பிவிடும். ஒரே ஒரு ஒளித்துகளை அனுப்புவோம். ரெண்டு பக்கமும் துகள் வந்து பட்டா எரியுற விளக்கு இருக்கு. எந்தப் பக்க விளக்கு எரியுதோ, அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு வீடு.”

“நீ தில்லுமுல்லு பண்ண மாட்டேன்னு என்ன நிச்சயம்?” என்றான் மச்சான்.

“எந்தப் பக்கம் உன்னுதுன்னு நீயே சொல்லு தம்பி. கடைசி நொடியில மாத்திக்கிட்டாலும் சரி.”

“ரெண்டு பக்கமும் சமவாய்ப்புன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஒத்தைத் துகள் ரெண்டு வழியிலயும் சரிசமமாப் பரவி நிக்குது. பக்கங்களை இடம் மாத்தினாலும் அதுல எதுவும் மாறாது. அப்போ ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதல் வாய்ப்பு எங்கேருந்து வரும்? நாணயம்னா சுண்டுற விரலைப் பழக்கிடலாம். இது எங்கே விழும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ஏன்னா, விளக்கு எரியுற வரைக்கும் அது முடிவாகியே இருக்காது; தெரிஞ்சுக்க அங்கே ஒண்ணுமே இல்ல.”

“ஏன் அக்காவே ஏன்னா சொல்லிட்டாங்கடா!” என்று ஒருவர் கத்த, கூட்டம் குலுங்கியது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “இதெல்லாம் விதிமுறையில இல்லம்மா.”

“ஃப்ரிட்ஜ் மட்டும் இருக்கா சார்?”

சிரிப்பு நின்றது. எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னதும் டப்பா படுதோல்வி அடைந்தது.

லேசர் அறையில் மச்சான் “நேரே” என்றான். பிறகு “இல்ல, திரும்புற பக்கம்.” வியர்த்துக்கொண்டே மறுபடி “நேரே.” அக்கா பொத்தானை அழுத்தினார். திரும்பும் பக்கத்து விளக்கு எரிந்தது. அறையே விசிலடித்தது.

“விளக்கு மச்சான் பக்கம் எரிஞ்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டார் ஓர் ஊழியர்.

“நியாயமாத் தோத்திருப்பேன்ப்பா. இத்தனை வருஷம் அதுக்குக்கூட விடலையே!” என்ற அக்கா, சாவிக்காக மேலாளரிடம் கையை நீட்டினார்.