மாயக்காள் அக்காவின் வலது கால்

விளாங்குடியில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் மாயக்காள் அக்கா வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். இரட்டைப் பிள்ளை பெற்றவர் மூன்று மிதி மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்காவுக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு பிள்ளைகள், தமிழ்வாணியும் சோலையும். பதினாறு வருஷமாக அந்த வலது கால் ஊர் முதுகையெல்லாம் மிதித்திருக்கிறது. என் முதுகையும் மிதித்திருக்கிறது. பொய் சொல்வானேன், சுகமாகத்தான் இருந்தது.

நான் அருண்பாண்டி. பகலில் செல்போன் கடை, சாயங்காலம் விளாங்குடிப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச். கோச் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலேஜ் டீமில் ஆடியவன், தொண்டை பெரிது, அவ்வளவுதான் தகுதி. அக்கா மகள் தமிழ்வாணி எங்கள் ஃபார்வர்டு. அவள் பந்தோடு ஒரு திருப்பு திருப்பினால் எதிர் டீம் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நான் கடையைச் சீக்கிரம் மூடுவேன்.

போன வருஷம் ஒரு மேட்சில் கனகா என்ற எங்கள் டிஃபெண்டர் கணுக்கால் மடங்கி விழுந்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்காவை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"மூணு மிதி மிதிச்சு விடுங்கக்கா. செகண்ட் ஹாஃப் ஆடணும்."

அக்கா மிதித்தார். கனகா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள், ஆடினாள், ஜெயித்தோம். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் விரிசல். அந்தக் காலோடு முப்பத்தைந்து நிமிஷம் ஓடியதில் விரிசல் பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாசம் மாவுக்கட்டு.

அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனகாவின் அம்மாகூட, "அவுக என்னத்தக் கண்டாக, பாவம்" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றைக்கு நிறுத்தியவர்தான், அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் மிதிக்கவில்லை.

அக்காவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. வெளியூர் போகிற மல்லிகையை ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் அடைக்க வேண்டும். மதியம் வேலை முடிந்ததும், வாரம் தவறாமல் கனகாவைப் பஸ்ஸில் ஏற்றி பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த பிசியோ பொண்ணை ஏன், எதுக்கு, எப்படி என்று துளைத்து எடுத்ததில், அந்தப் பொண்ணு இரண்டு தாளில் படமே போட்டுக் கொடுத்துவிட்டது. அந்தத் தாளோடு ஒருநாள் கிரவுண்டில் வந்து நின்றார்.

"தம்பி, பந்தைத் தொடுறதுக்கு முந்தி பிள்ளைக தெனமும் இத இருவது நிமிசம் செய்யட்டும்."

மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, எம்பிக் குதித்து முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்குவது. எனக்கு வந்ததே கோபம்!

"நமக்கு இருக்கிறதே ஒண்ணே கால் மணி நேரம்க்கா. அதுல இருவது நிமிசம் கொக்கு மாதிரி நிக்கணுமா?"

"நின்னா என்ன? விழுந்தா மூணு மாசம் படுக்கணும்ல?"

பிள்ளைகள் நின்றார்கள். அக்கா தினமும் நாலரை மணிக்கு மல்லிகை வாசத்தோடு வந்து ஒவ்வொரு முட்டியாகக் குனிந்து பார்த்தார். கட்டுப் பிரித்த கனகாவுக்குத் தனிச் சட்டம். அந்தக் காலால் அசையாமல் பத்து தடவை குதிக்க வேண்டும், அப்புறம்தான் மேட்ச். அவள் ஏழாவது குதியில் தள்ளாடுவாள், எட்டில் தள்ளாடுவாள், உட்கார்ந்து அழுவாள். முந்தின வருஷம் ஐந்து பேர் அடிபட்டு உட்கார்ந்தார்கள். இந்த வருஷம் ஒரே ஒருத்தி. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. கோச் என்கிற கெத்து என்னாவது?

இப்படியே மாவட்டப் போட்டி பைனலுக்கு வந்துவிட்டோம். பசுமலையில் மேட்ச். மாநில கேம்ப்புக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் நோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். தமிழ்வாணி ஒரு வாரமாக அந்தக் கேம்ப்பைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பத்தாவது நிமிஷத்திலேயே கோல் போட்டாள். நோட்டில் எழுதுவதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எதிர் டீமும் ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம், தலையால் முட்ட எம்பிய தமிழ்வாணி இன்னொருத்தியின் ஷூ மேல் இறங்கினாள். கணுக்கால் மடங்கியது. தூக்கிவந்து கோட்டுக்கு வெளியே போட்டோம்.

"மாயக்காக்கா, மிதிச்சு விடுங்க!" என்று கிரவுண்டே கத்தியது. புத்தி வந்தவன் நானாவது சும்மா இருந்தேனா? என் தொண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"மூணே மிதிம்மா," என்றாள் தமிழ்வாணி. "அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. மூணே மூணு."

அக்கா வலது கால் செருப்பைக் கழற்றினார். சத்தம் அடங்கிவிட்டது. இடது கால் செருப்பையும் கழற்றினார். அப்படியே மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மகள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, ஐஸை ஈரத் துணியில் சுற்றி வைத்தார்.

"ஆள மாத்து தம்பி."

தமிழ்வாணி அம்மாவின் தோளில் மாறி மாறி அடித்தாள். அக்கா அடியை வாங்கிக்கொண்டே பெஞ்சைப் பார்த்தார்.

"கனகா, காலையில பத்து குதிச்சியா?"

"குதிச்சேன் அத்தே."

"அசைஞ்சியா?"

"இல்ல அத்தே."

"அப்ப போ."

கனகா போனாள். கடைசி நிமிஷம் ஒரு கார்னர். கூட்டத்துக்குள் விழுந்த பந்து எகிறி கனகாவிடம் வந்தது. விரிசல் விட்ட அதே காலால் அடித்தாள் பாருங்கள் ஒரு அடி! வலை ஒரு ஆட்டம் ஆடி நின்றது. நான் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தேன், பார்த்தால் அது லைன்ஸ்மேன். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் கால் இருந்ததே. உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இரண்டுக்கு ஒன்று, கப்பு எங்களுக்கு.

கேம்ப் லிஸ்டில் கனகா பெயர் இருந்தது. தமிழ்வாணி பெயர் இல்லை.

மறுநாள் ஸ்கேனில் லிகமெண்ட் பாதி கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தால் மீதியும் போயிருக்குமாம். அதையெல்லாம் கேட்கிற நிலையில் தமிழ்வாணி இல்லை. நாலு நாள் அம்மாவோடு பேச்சே கிடையாது. "சோலை, உங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்று தம்பி வழியாகத்தான் தூது. அக்கா தண்ணீரும் கொடுத்தார், ஐஸும் வைத்தார். ஐந்தாம் நாள் அவளே கேட்டாளாம்: "நெசமாவே ஓடுவேன்லம்மா?"

"ஓடுவ. பத்து குதிக்கணும், அம்புட்டுத்தான்."

போன வியாழக்கிழமையோடு இரண்டு மாசம் ஆனது. கேம்ப் முடிந்து வந்திருந்த கனகா உட்பட மொத்த டீமும் வட்டமாக நின்றது. தமிழ்வாணி நடுவில் ஒற்றைக் காலில் குதித்தாள். நாங்கள் எண்ணினோம். ஏழில் லேசாக ஆடியது போல் இருந்தது. எட்டு. ஒன்பது. பத்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் திண்டுக்கல் ரோட்டில் போன பஸ் ஒன்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

"யம்மா, பந்தத் தா!" என்று ஓடிக்கொண்டே கத்தினாள் தமிழ்வாணி.

பந்து அக்காவின் காலடியில் கிடந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வலது காலால் ஒரே உதை விட்டார்.