தங்கச்சியை யாரும் எச்சரிக்கவில்லை

எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அதனால் மீசை முளைத்த நாளிலிருந்து நான் அம்மாவின் காவலில் இருந்தேன். கலியாண வீடு போய்வந்தால் வாயை மணந்து பார்ப்பார். "உனக்கு அந்த ரத்தம் ஓடுது. தொட்டிடாதை" என்பார். மெல்பேர்ண் வந்து இத்தனை வருடத்தில் நான் பியர்கூடத் தொட்டதில்லை. தங்கச்சியிடம் அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு?

தங்கச்சி நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்காளர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே எல்லாரும் சேர்ந்து குடிப்பார்கள். மற்றவர்கள் தள்ளாடும்போது இவள் நிதானமாக நிற்பாளாம். அதை மெச்சினார்களாம். விவாகரத்துக்குப் பிறகு கிரான்பர்ன் வீட்டில் தனியாகவும் குடிக்கத் தொடங்கியிருக்கிறாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

போன வருடம் ஒரு ஞாயிறு காலை அங்கே போனேன். தேத்தண்ணி ஊற்றிய அவள் கை நடுங்கியது.

"காய்ச்சலோ?" என்றேன்.

கதிரையில் உட்கார்ந்து அழுதாள். "காலமை கொஞ்சம் எடுக்காட்டி கை நிக்குதில்லை, அண்ணா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருக்கிற போத்தல் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு இன்றைக்கே நிறுத்து என்றேன். நல்லவேளை, அவள் டொக்டரிடம் போவோம் என்றாள். இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார் அந்தப் பெண் டொக்டர். ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்தினார்கள்.

அப்பாவைப் பற்றியும் அவர் விசாரித்தார். பரம்பரையில் வருவது மகன், மகள் என்று பார்க்காது என்றார். எவ்வளவு குடித்தாலும் லேசில் ஏறாத உடம்பே பல நேரம் அதற்கு அறிகுறியாம். ஆனால் ரத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கூட இருப்பவர்கள், தனிமை, வெளியே சொல்ல முடியாத வெட்கம், எல்லாம் சேர்ந்துதான் ஆளை அங்கே கொண்டுபோய் விடுகிறது என்றார்.

காரில் தங்கச்சி சொன்னாள்: "உங்களுக்கு அம்மா காவல் இருந்தவ. எனக்கு ஆர் இருந்தது?"

அதுவரை நான் குடிக்காமல் இருப்பது என் மனவுறுதியால் என்றே நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குச் சொன்னபோது அவர் கத்தவில்லை. "பொம்பிளைப்பிள்ளைக்கும் வருமெண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்றார். பிறகு, "அவளுக்கு என்ன சமைச்சுக் கொண்டுபோறது?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களில் ஓர் ஆண் குடித்து விழுந்தால், "கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சிரித்தபடி வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பெண்ணுக்கு அந்தச் சிரிப்பும் கிடையாது. அவள் அவ்வளவு காலம் ஒளித்தது அதனால்தான்.

இப்போது அவளுக்கு டண்டினொங்கில் வேறு வேலை. குளிர்காலத்தில் ஒருமுறை மறுபடி குடித்துவிட்டாள். அன்று அவளே போன் எடுத்துச் சொன்னாள். நான் போய் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அதற்குப் பிறகு குடிக்கவில்லை. நாளைக்கு எப்படி என்று அவளும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.